பச்சை குத்திய கையைப் பார்த்தீர்களா? பொலிஸில் சொல்ல வேண்டிய முறை

சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவனைப் பற்றி முறைப்பாடு கொடுக்கப் போய், "கையில பச்சை குத்தியிருந்தான்" என்று மட்டும் சொன்னால் ஒரு பயனும் இல்லை. ஹட்டனிலிருந்து பதுளை வரை எத்தனையோ இளைஞர் கையில் இன்று டட்டூ இருக்கிறது. அரைகுறை அடையாளத்தில் சம்பந்தமே இல்லாத பிள்ளை மாட்டிக்கொள்ளலாம். முன்கையில் பச்சைக் கோலம் குத்திய பாட்டிமார் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள்தானே. பச்சை குத்தியிருப்பது குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலைச் சுருக்கத்தான் அது உதவும். எவ்வளவு சுருங்கும் என்பது நீங்கள் சொல்லும் விவரத்தில் இருக்கிறது.

யாரோடும் பேசுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்து வீட்டார் "பாம்புதானே?" என்று கேட்டுவிட்டால், நீங்கள் பார்த்த கொடியும் மனதுக்குள் பாம்பாகிவிடும்.

முதலில் இடம். எதிரே நிற்பவருடைய இடது கை உங்களுக்கு வலப்பக்கம் தெரியும். பலர் தவறுவது இங்கேதான். "அவருடைய இடது கை" என்றே எழுதுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர் என்றால் அக்சிலேட்டர் பிடித்த கையா என்று யோசித்துப் பாருங்கள்; அது வலது கை. மணிக்கட்டுக்கு மேலா, முழங்கைக்குக் கீழா, உட்புறமா, வெளிப்புறமா? நுவரெலியாக் குளிரில் ஜெர்சியும் ஜாக்கெட்டும் போட்டிருப்பார்கள். சட்டைக்கை விலகியபோது ஒரு பகுதிதான் தெரிந்தது என்றால் அதை மட்டும் எழுதுங்கள். மீதியைக் கற்பனையில் வரைந்து நிரப்பாதீர்கள். அளவை உங்கள் கையிலேயே வைத்துக் காட்டினால் அங்கே அளந்துகொள்வார்கள்.

அடுத்தது உருவம். "சூலம்" என்றால் நூறு பேருக்குப் பொருந்தும். முனைகள் விரல் பக்கமா, முழங்கை பக்கமா? உடுக்கை கட்டியிருந்ததா? வெறும் கோடா, உள்ளே மை நிரப்பியதா? எழுத்து இருந்தால் தமிழா, சிங்களமா, ஆங்கிலமா? வாசிக்கத் தெரியாத எழுத்தென்றால் கண்ணில் பட்ட வளைவை அப்படியே வரைந்து காட்டுங்கள். ஒருவர் வேல் என்பதை இன்னொருவர் ஈட்டி என்று பதிவார். பொலிஸ் பதிவுகளில் சொல்லை வைத்துத் தேடும்போது அந்தப் படம் தப்பிவிடும். உங்கள் கோட்டுப்படம் தப்பாது.

நிறத்தில் அவசரப்படாதீர்கள். மஞ்சள் தெருவிளக்கில் சிவப்பும் பழுப்பும் பிரித்துத் தெரியாது. பழைய கறுப்பு மை நாளாக நாளாக நீலம் பாய்ந்து, மெல்லிய கோடுகளும் தடித்துப்போகும். எந்த வெளிச்சம், எவ்வளவு தூரம், எத்தனை விநாடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் ஆட்சிமொழி. வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுங்கள். வேறு மொழியில் எழுதியிருந்தால், விளங்கும்படி வாசித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். "இடது" என்பது "வலது" என்று மாறியிருந்தால் வழக்கே ஆட்டங்காணும்.

பிடிபட்டவரின் பச்சையைப் படம் எடுப்பதற்கும் முறை இருக்கிறது. உடலில் எங்கே என்று தெரிய ஒன்று, அளவுகோல் வைத்து நெருக்கத்தில் ஒன்று. கமரா தோலுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் உருவம் நீளும், ஃபிளாஷ் நேரே அடித்தால் தோல் மினுங்கிக் கோடு மறையும். மேலே வேறு படம் குத்தி மறைத்திருந்தாலும், அகச்சிவப்புக் கமராவில் அடியிலுள்ள கரி மை சில வேளை தெரியும்.

சந்தேகநபரை வேறு ஆட்களோடு வரிசையில் நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வதுதான் அடையாள அணிவகுப்பு. அது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி நீதவானின் அனுமதியோடு நடக்கும். வரிசையில் ஒருவருக்கு மட்டும் கழுத்தில் பச்சை தெரிந்தால் அது நியாயமான அணிவகுப்பு ஆகாது. எல்லோருக்கும் அதே இடத்தை மூடிவிட வேண்டும். அதற்கு முன் சந்தேகநபரின் படத்தை பேஸ்புக்கில் தேடிப் பார்க்காதீர்கள், பகிராதீர்கள். முன்பே பார்த்த முகத்தைத்தான் காட்டினீர்கள் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால் பதில் இருக்காது.

வீட்டில் ஒருவர் காணாமல் போனாலும் இதே விவரங்களைக் கொடுங்கள். மை மேல்தோலுக்கு அடியில் தங்குவதால், நீர்த்தேக்கத்தில் கிடந்து மேல்தோல் உரிந்த உடலிலும் பச்சை தெரியும். முகம் தெரியாத நிலையில் குடும்பத்துக்குக் கிடைக்கும் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம். அந்தப் பச்சை தெரியும் பழைய கல்யாணப் படமோ போன் படமோ இருந்தால் முறைப்பாட்டோடு கொண்டுபோங்கள்.