கல்லணை முதல் பூம்புகார் வரை: காவிரிக் கரையோரமாக பைக்கில் இரண்டு நாள்

ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஒரே மூச்சில் அரை நாளில் ஓட்டிவிடலாம். அப்படி ஓட்டினால் ரோடு தெரியும், ஆறு தெரியாது. இரண்டு நாள் வையுங்கள், இரவுக்குக் கும்பகோணம்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே சில நாளாகும், கடைமடைக்கு இன்னும் தாமதம். சித்திரை, வைகாசியில் வந்தால் வெறும் மணல்தான். ஆவணி, புரட்டாசியே சிறந்தது: ஆற்றில் தண்ணீர் ஓடும், ஐப்பசி அடைமழை பிடித்திருக்காது. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் பருவத்தின் நட்ட நடுவிலும் ஆறு காய்ந்து கிடக்கும் என்பதால், கிளம்பும் முன் செய்தியைப் பாருங்கள்.

காலை 6 மணிக்குக் கல்லணை. கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் நான்காகப் பிரிவதை மேலே நின்றே பார்க்கலாம். மதகுக்குக் கீழே இறங்காதீர்கள், சுழல் இழுக்கும். திருக்காட்டுப்பள்ளி, நடுக்காவேரி, கண்டியூர் வழியாகப் பத்து மணிக்குள் திருவையாறு போய்விட வேண்டும். பலருடைய பயணம் கெடுவது இங்கேதான்: பகல் 12 மணிவாக்கில் கோயில்களில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு ஆகும். அந்த வெயில் நேரத்தைச் சுவாமிமலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருவையாற்றின் பாசிப்பருப்பு இனிப்பான அசோகா அல்வா கட்டிக்கொண்டு கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம் வழியே வடகரையில் வந்தால், சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள். மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணை முதலில் மெல்லிசாகப் பூசுவார்கள். விரல் நகத்தின் கோடுவரை பிடித்துக்கொள்ளும் மண் அது. உலோகம் ஊற்றும் நாள் தினமும் வராது, கேட்டுவிட்டுப் போங்கள். மாலை தாராசுரம் கோயில். சாய்ந்த வெயிலில் சிற்பங்கள் எடுப்பாகத் தெரியும்.

இனி ரோடு. தை, மாசி அறுவடையில் பாதி ரோட்டில் நெல் காயும். அதன் மேல் ஏற்றாதீர்கள்: ஒருவர் உழைப்பு அது, தவிர நெல்மணியில் முன் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். பங்குனியில் உளுந்துச் செடியை, வண்டி ஏறிக் காய் உடையட்டும் என்று பரப்பியிருப்பார்கள். கொடி செயினிலும் ஆக்சிலிலும் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சரில் பட்டால் புகையும். எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டிக்கொண்டே கொடியை உருவுங்கள். வராவிட்டால் சிறு கத்தியால் அறுங்கள். நடவுக் காலத்தில் ஆபத்து வேறு: வயலிலிருந்து ஏறும் டிராக்டர் உதிர்க்கும் களிமண், தூறல் பட்டால் எண்ணெய் மாதிரி வழுக்கும். அந்த இடத்தில் பிரேக்கைத் தொடாமல், முன்கூட்டியே கியரைக் குறைத்து நேராகப் போங்கள். இருட்டியபின் ஓட்ட வேண்டாம். பூச்சி கண்ணில் அடிக்கும், லைட் இல்லாத டிரெய்லர் எதிரே நிற்கும்.

மறுநாள் திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை. திருவிடைமருதூர்க் கோயிலில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். மயிலாடுதுறையிலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டு பூம்புகார் ரோட்டைப் பிடியுங்கள். வழியில் மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணை. கல்லணையில் அகலமாகப் பார்த்த ஆறு, கிளைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் பகிர்ந்து கொடுத்த பிறகு, இங்கே இவ்வளவுதான் மிச்சம். பூம்புகாரில் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் குளிக்காதீர்கள், அங்கே நீரோட்டம் கடலுக்குள் இழுக்கும்.