கல்ட் திகில் படம் போட்டுக் காட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் ஒரு பட்டியலோடு வந்தான். நண்பர்கள் பத்துப் பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு சின்னக் கூட்டம் தலையில் வைத்துக் கொண்டாடும் 'கல்ட்' படங்களாக, பழைய அமெரிக்கக் கம்மி பட்ஜெட் திகில் படங்களாக விடிய விடியப் போடப் போகிறானாம். பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் முதன்முதலில் போட்ட பட்டியலேதான், தப்புகள் உட்பட.

விளக்கை அணையுங்கள், போனை ஓரமாக வையுங்கள், குழந்தைகளைத் தூங்க வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இந்த மாதிரிப் படங்களை எக்ஸ்ப்ளாய்டேஷன் படம் என்பார்கள். கிட்டத்தட்ட ஒரு சந்தைக் கடை. ஸ்டார் கிடையாது, காசு கிடையாது. ரத்தம், நிர்வாணம், அதிர்ச்சி என்று எதையாவது போஸ்டரில் காட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டும். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர்களும் நியூயார்க் 42ஆம் தெருவின் மலிவுக் கொட்டகைகளும்தான் அன்று பிழைப்பு. 1963இல் 'பிளட் ஃபீஸ்ட்' வந்தபோது, படம் பார்க்க வந்தவர்கள் கையில் வாந்தி எடுக்க ஒரு பையைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். இப்படிக் கூவி விற்றதில்தான் சில நிஜமான படங்களும் வந்து சேர்ந்தன. அவற்றைப் போடும்போதுதான் சொதப்புகிறோம்.

'மொக்கைப் படம், வாங்க சிரிக்கலாம்' என்று கூப்பிடுவது

எட் வுட்டின் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' போடுகிறீர்களென்றால் தாராளமாக அப்படிக் கூப்பிடலாம். கல்லறைக் கல் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். சிரிக்காமல் என்ன செய்வது? அதே மூடில் நான் 'தி டெக்சஸ் செயின் சா மசாக்கர்' (1974) போட்டேன். பெயரைக் கேட்டே சிரித்துக்கொண்டு வந்தவர்கள், முதல் அரை மணி நேரம் ஜோக் அடித்துத் தள்ளினார்கள். அப்புறம் ஒரு இளைஞன் அந்த வீட்டுக்குள் நுழைகிறான். உள் வாசலில் முகமூடிக்காரன் வந்து நிற்கிறான். சுத்தியலால் ஒரு அடி. உடம்பை உள்ளே இழுத்துப் போட்டு, இரும்புக் கதவை டமாலென்று இழுத்துச் சாத்துகிறான். எல்லாம் சில நொடிதான். மியூசிக்கூட முன்கூட்டி எச்சரிக்காது. எங்கள் ரூமில் ஒரு சத்தம் இல்லை. அதற்குப் பிறகு யாருக்கும் சிரிக்கவும் முடியவில்லை, பயப்படவும் கூச்சம். இரண்டுங்கெட்டானாகப் போனது அந்த ராத்திரி.

இத்தனைக்கும் அந்தப் படத்தில் ரத்தம் ரொம்பக் கம்மி. 16 மி.மீ. ஃபிலிமில், டெக்சஸ் கோடை வெயிலில் எடுத்தது. சாப்பாட்டு மேஜைக் காட்சியை ஜன்னல்களை அடைத்துவிட்டு ஒரு நாளுக்கும் மேல் விடாமல் எடுத்திருக்கிறார்கள். முகத்தில் வழிகிற வியர்வைக்கு மேக்கப்மேன் தேவைப்படவில்லை. நான்கு காசு கூட இருந்திருந்தால் ஏசி போட்ட செட்டில் எடுத்திருப்பார்கள். இந்தப் புழுக்கம் படத்தில் வந்திருக்காது. என்னை இந்தப் படங்களின் பக்கம் இழுப்பதே இந்தப் புழுக்கம்தான்.

கைக்குக் கிடைத்த காப்பியைப் போடுவது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கடுப்பாகும்.

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', செத்தவர்கள் எழுந்து வரும் கதை, 1968இல் வந்தது. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், பென்சில்வேனியாவில் ஈவன்ஸ் சிட்டி பக்கம் ஒரு பண்ணை வீட்டைப் பிடித்து, சுமார் 1,14,000 டாலரில் முடித்த கறுப்பு வெள்ளைப் படம். முதலில் 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். விநியோகஸ்தர் பெயரை மாற்றியபோது, பழைய டைட்டில் கார்டோடு காப்பிரைட் வரியும் சேர்ந்து போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லாமல் வெளியிட்டால் உரிமை போச்சு. யார் வேண்டுமானாலும் காப்பி போட்டு விற்கலாம் என்றாகிவிட்டது. விற்றார்கள். காப்பிக்குக் காப்பி, அதற்கொரு காப்பி, கலர் பூசியது, வெட்டியது, ஒட்டியது என்று கடையெல்லாம் இந்தப் படம்தான்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன ஹால் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, புரொஜெக்டர் இரவல் வாங்கி, இருபது பேரைச் சேர்த்தேன். டிஸ்க் அட்டையில் '30ஆம் ஆண்டுப் பதிப்பு' என்று போட்டிருந்தது. விசேஷப் பதிப்பு போலிருக்கிறது என்று கூடக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கவில்லை.

படம் ஆரம்பித்தது. ஒரு பிணத்தைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பாதிரியார் நிற்கிறார். பிணம் எழுந்திருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் காட்சி அசலில் கிடையவே கிடையாது! பழைய படக்குழுவில் இருந்த சிலர் ரொமேரோ இல்லாமல் புதிதாக எடுத்து, 1999இல் ஒட்டவைத்து வெளியிட்டது. மியூசிக்கும் புதுசு.

சேர்த்ததில் என்ன குடி முழுகிப்போனது என்று கேட்கலாம். அசல் படம் ஆளில்லாத ரோட்டில் ஆரம்பிக்கிறது. எங்கோ தூரத்தில் ஒரு கார் தெரிகிறது, மெதுவாக நம்மை நோக்கி வருகிறது. அண்ணனும் தங்கையும் அப்பா கல்லறைக்கு மலர்வளையம் வைக்க வந்திருக்கிறார்கள். அண்ணன் தங்கையைப் பயமுறுத்தி விளையாடுகிறான். பின்னால், கல்லறைகளுக்கு நடுவே, ஒல்லியான ஒரு ஆள் தள்ளாடி நடந்து வருகிறார். யாரோ பெரியவர், உடம்பு சரியில்லை போல என்று நாம் கண்டுகொள்வதில்லை. அந்த ஆள் பக்கத்தில் வந்து அவள்மேல் கை வைக்கும்வரை நமக்கு ஒன்றும் தெரியாது. இந்தச் சில நிமிடத்துக்கு அவர்கள் செலவழித்தது ஒரு கார், ஒரு கோட்டு. படத்தின் மொத்தச் சொத்தும் அதில்தான் இருக்கிறது. புதுப் பதிப்பில் அந்த ஆள் யார், எப்படி எழுந்தான் என்று முதலிலேயே காட்டிவிட்டார்கள். எங்கள் ஹாலில் அண்ணனும் தங்கையும் காரிலிருந்து இறங்குவதற்குள்ளேயே "பேய் எங்கே" என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

பாதியில் நிறுத்த மனசு வரவில்லை. ஹால் வாடகை போனது போகட்டும். அன்று வந்த ஒருவர், இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் "பார்த்தாச்சு, சுமார்தான்" என்கிறார். அவர் பார்க்கவே இல்லை என்று எத்தனை முறை சொல்வது?

ஒட்டுவேலை இல்லாத மலிவு காப்பியும் ஆபத்துதான். கறுப்பெல்லாம் சேறாகிவிடும். முடிவில் பெயர்கள் ஓடும்போது சில ஸ்டில்கள் வரும். செய்தித்தாள் போட்டோ மாதிரி சொரசொரப்பாக, கதாநாயகனின் உடம்பை இழுத்துப் போக இறைச்சிக் கொக்கி பிடித்த ஆட்களோடு. கதாநாயகனாக வரும் டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். படம் வெளியானது மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே வருடம். அந்த ஸ்டில்கள் தெளிவாகத் தெரிந்தால் வயிற்றைப் பிசையும். மங்கிய காப்பியில் அது வெறும் கிரெடிட். எழுந்து செருப்பைத் தேடுவார்கள்.

ஒரிஜினல் கேமரா நெகட்டிவிலிருந்து 4கேயில் சீரமைத்த பதிப்பு 2016இல் வந்துவிட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் தி ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து செய்தது. அதைத் தேடுங்கள். படம் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று டிவியில் இழுத்துவிடாதீர்கள். எந்தப் படமானாலும் முதல் ஐந்து நிமிடம், நடுவில் ஐந்து, கடைசி ஐந்து, முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள்.

படத்துக்கு முன்னால் பாடம் நடத்துவது

"இதில் வருகிற ரத்தம் சாக்லேட் சிரப்" என்று ஒரு முறை முன்னுரை கொடுத்தேன். கடைசிவரை எல்லாரும் சாக்லேட்டைத்தான் பார்த்தார்கள்.

ஒரே படத்தை இரண்டு தடவை வாங்குவது

மாரியோ பாவா 1971இல் எடுத்த ஒரே படம் 'பே ஆஃப் பிளட்', 'ட்விட்ச் ஆஃப் தி டெத் நெர்வ்', 'கார்னேஜ்' என்று பல பெயர்களில் சுற்றியது. இன்னொரு பக்கம், ரொமேரோவின் 'டான் ஆஃப் தி டெட்' இத்தாலியில் 'ஜோம்பி' என்ற பெயரில் ஓடியதால், லூசியோ ஃபுல்ச்சி எடுத்த சம்பந்தமே இல்லாத படத்துக்கு 'ஜோம்பி 2' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் பாகம் எங்கே என்று நான் தேடியிருக்கிறேன். பெயரைப் பார்க்காதீர்கள், இயக்குநர், வருடம் இரண்டையும் பாருங்கள்.

'தடை செய்யப்பட்டது' என்றால் நல்ல படம் என்று நம்புவது

எண்பதுகளில் பிரிட்டனில் வீடியோ கேசட்டுகள் மேல் பெரிய கூச்சல் எழுந்து, வழக்குப் போடத் தக்கவை என்று 72 படங்கள் பட்டியலில் ஏறின. சாம் ரைமியின் 'தி ஈவில் டெட்' அதில் ஒன்று. அதைப் பார்த்த ஜோரில் பட்டியலை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தேட ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் தூக்கம்தான் வந்தது.

'கானிபல் ஹோலோகாஸ்ட்'

இந்த இத்தாலியத் திகில் படத்தில் விலங்குகளைக் கொன்றது நிஜம். சொல்லாமல் போடாதீர்கள்.

ஒரே ராத்திரியில் மூன்றாவது படம்

வேண்டாம்.

தம்பி பட்டியலை இரண்டாகக் குறைத்துவிட்டான். நேற்று ராத்திரி போன் செய்தான்.

"அண்ணே, டிஸ்க் வந்துருச்சு. ஓட்டிப் பார்க்கிறேன். கார் வருது."

"எங்கேயிருந்து வருது?"

"ரொம்ப தூரத்துல இருந்து. இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

"சரி, நிறுத்து. சனிக்கிழமை போடு."