படிக்கட்டு அவசர விளக்கில் இருந்த பிழை

நான் பராமரிக்கும் அலுவலகக் கட்டடத்தின் படிக்கட்டில் இருந்த அவசர விளக்கு, சோதனைப் பொத்தானை அழுத்தினால் சில நொடிகள் மங்கலாக எரிந்து அணைந்துவிடும். 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியை மாற்றினேன். மூன்றே மாதங்களில் அதே நிலை. இத்தகைய பேட்டரி சில ஆண்டுகளாவது உழைக்க வேண்டும் என்பதால், குறை வேறெங்கோ இருக்கிறது என்று உறுதியாக நம்பினேன்.

ஒருநாள் எல்லோரும் சென்ற பிறகு தங்கிப் பார்த்தேன். காவலர் படிக்கட்டு விளக்குகளின் சுவிட்சை அணைத்ததும், மின்தடை ஏதும் இல்லாமலேயே அவசர விளக்கு எரியத் தொடங்கியது. சார்ஜ் ஆவதற்கான இணைப்பைச் சுவிட்சுக்குப் பின்னிருந்து எடுத்திருந்ததால், சுவிட்சை அணைத்தாலே அதை மின்தடை என்று எடுத்துக்கொண்டு அவசர விளக்கு எரிந்திருக்கிறது; ஒவ்வோர் இரவும் பேட்டரி முற்றிலும் தீர்ந்து, பகலில் அரைகுறையாகவே நிரம்பியிருக்கிறது. புகை சூழ்ந்த வேளையில் மக்கள் நம்பி இறங்க வேண்டிய படிக்கட்டில் இப்படியொரு பிழை இருந்தது என்னை மிகவும் வருத்தியது.

மின்சாரத்தைத் துண்டித்து, மீட்டரால் உறுதிசெய்துகொண்டு, அதே விளக்குச் சுற்றில் சுவிட்சுக்கு முன்னிருந்து நிரந்தர இணைப்பு கொடுத்தேன். வேறு சுற்றிலிருந்து கொடுத்தால், படிக்கட்டின் ஃபியூஸ் மட்டும் போகும்போது அவசர விளக்கு எரியாது. புதிய பேட்டரியை 24 மணி நேரம் சார்ஜ் செய்து சோதித்ததில், விளக்கு முழு 3 மணி நேரமும் எரிந்தது.