மஞ்சள் கடுதாசி வழக்கு: புது வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடன் தலைக்கு மேல் போய் ஒருவர் கோர்ட்டுக்கு வந்தால், காரைக்குடிப் பக்கம் ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்’ என்பார்கள். கோர்ட்டில் அது ஐ.பி., அதாவது திவால் மனு. என்னிடம் ஜூனியராக வரும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது எந்தச் சட்டம் என்பதிலேயே. கல்லூரியில் 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள். தனிநபருக்கான அதன் மூன்றாம் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் அமலுக்கு வந்தது. புரோநோட்டு எழுதிக் கொடுத்த சாதாரண ஆளுக்கு நம் பக்கம் இன்றும் 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டமே. சென்னைக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம்.

அடுத்தது, கட்சிக்காரர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வது. ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் ஓடு செய்யும் பட்டறை வைத்திருந்த ஒருவர் வந்தார். கண்ணாடி மேல் அச்சு வைத்துத் தன் கையாலேயே கல் போடுகிறவர். மேசையில் பையைக் கவிழ்த்தார்: புரோநோட்டு நகல்கள், நகைக்கடன் ரசீது, கரண்ட் பில். எல்லாம் எழுதி முடித்த பிறகு மெல்லச் சொன்னார்: “எதிர்வீட்டு ஆச்சிகிட்ட வாங்குன கைமாத்தை மட்டும் சேர்க்காதீங்கய்யா. அதை நான் எப்படியும் கொடுத்துருவேன்.”

அந்த மனசு பெரியது. ஆனால் சட்டம் அதை வேறு மாதிரி பார்க்கும். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள், மற்றவர்களை விட்டு ஒருவருக்குச் சலுகையாகக் கடனை அடைத்தால், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி அதைச் செல்லாது எனச் சொல்லி ரிசீவர் (திவாலானவர் சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமிப்பவர்) ஆச்சியிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மனைவி பேருக்குச் சொத்தைச் சும்மா எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட்டும் அப்படித்தான். இரண்டு வருஷத்துக்குள் எழுதியிருந்தால் 53ஆவது பிரிவு வரும். சொத்தை மோசடியாக மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆகவே வில்லங்கச் சான்றை நீங்களே போட்டுப் பாருங்கள். அவரிடம் மூன்று தடவையாவது கேளுங்கள், மூன்றாவது தடவைதான் ஆச்சி கடன் வெளியே வரும்.

பயத்தில் எல்லாமே போய்விடும் என்று சொல்லிவிடுவதும் தவறு. ஜப்தி செய்யக் கூடாத பொருள்கள் ரிசீவர் கைக்கும் போகாது. சமையல் பாத்திரம், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி, கைத்தொழிலாளியின் கருவிகள் எல்லாம் அதில் அடங்கும். அந்தக் கண்ணாடியையும் அச்சையும் தொழில் கருவி என்று தனியாகக் குறிப்பிட்டு எழுதினோம். அடகு வைத்த நகை வேறு கதை. ஈடு பெற்ற கடன்காரரின் உரிமையை ஐ.பி. தொடாது, வங்கி ஏலம் போடலாம். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மனுவுக்கு நம்பர் விழுந்ததாலேயே கைது வாரண்ட்டும் நிற்காது, அதற்குத் தனி உத்தரவு வேண்டும்.

நம் ஊரில் கூடுதல் சிக்கல், பங்காளி வீடு. இருபது முப்பது பேருக்குப் பங்குள்ள வீட்டை ‘சொந்த வீடு’ என்று பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். அவர் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடும்போது பெண் மக்களையும் எண்ண வேண்டும். அப்பா கடனுக்கு மகன் பங்கும் போகும் என்ற பழைய தீர்ப்புகளை எடுத்து நீட்டுவோர் உண்டு. 2005 செப்டம்பர் 9க்குப் பிறகு வாங்கிய கடனென்றால், அப்பா கடனை அடைப்பது பிள்ளையின் கடமை என்ற ஒன்றை மட்டும் காட்டி மகன் பங்கில் கை வைக்க முடியாது. கடன் தேதியைப் பாருங்கள், அப்புறம் தீர்ப்பைத் தேடுங்கள்.

கடைசியாக, எனக்கு இன்னும் உறுத்தும் ஒன்று. ஒரு கட்சிக்காரருக்குத் திவாலானவர் என்று உத்தரவு வாங்கியதும் ஜெயித்த மாதிரி வழக்குக் கட்டை மூடி வைத்தேன். அந்த உத்தரவிலேயே கடன் விடுவிப்புக்கு மனுப் போடக் கெடு குறித்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. கெடு தாண்டியதால் 43ஆவது பிரிவின்படி உத்தரவு ரத்தாகி, கடன்காரர்கள் மறுபடி அவர் வாசலில் நின்றார்கள். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? இப்போது உத்தரவு நகல் கைக்கு வந்த அன்றே கெடுவை டைரியிலும் கட்டின் மேலட்டையிலும் எழுதுகிறோம். கட்சிக்காரருக்கும் ஒரு தாளில் தேதியை எழுதிக் கொடுத்து, வீட்டுக் காலண்டரில் ஒட்டச் சொல்கிறோம்.