மெல்லிய ஷூவில் மலைப்பாதை ஓட்டம்: மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிய சோல் ஷூ போட்டு மண்பாதையில் ஓடும் முதல் நாள் பெரும்பாலும் அருமையாகவே இருக்கும். கால் லேசாகிவிடும். வேரும் கல்லும் பாதத்துக்குத் தெரியும், அடி தானாகவே சிறியதாகும். அந்த உற்சாகத்தில் அடுத்த வாரமே வழக்கமான முழுத் தூரத்தையும் அதே ஷூவில் ஓடிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

காரணம் ஷூவின் அமைப்பிலேயே இருக்கிறது. வழக்கமான ஓட்ட ஷூக்கள் பலவற்றில் குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். இதைத்தான் 'டிராப்' என்கிறார்கள். மெல்லிய ஷூவில் இது பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில். குதிகால் அவ்வளவு கீழே இறங்கும்போது கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாணும் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடுகின்றன. முழங்காலில் விழுந்த சுமையில் ஒரு பங்கு கணுக்காலுக்கும் பாதத்துக்கும் போகிறது. தசை சில வாரங்களில் இதற்குப் பழகிவிடும். நாண் பழக மாதக்கணக்கில் ஆகும். எலும்பின் கதையே வேறு. புதுச் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்போது அது முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். அந்த நேரம் பார்த்து, "இப்போதுதான் கால் பழகிவிட்டதே" என்று தூரத்தைக் கூட்டினால் பாதத்தின் இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்புகளில் விரிசல் விழுகிறது.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களை எடுத்துக்கொண்டு, 19 பேரை மட்டும் 10 வாரங்களில் விப்ராம் நிறுவனத்தின் விரல் பிரிந்த மெல்லிய ஷூவுக்குப் படிப்படியாக மாறச் சொன்னார்கள். முடிவில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அந்த 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புகளுக்குள் நீர்கோத்த வீக்கம் கூடியிருந்தது. பழைய ஷூவிலேயே ஓடிய 17 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. கவனியுங்கள், இவர்கள் அவசரப்பட்டவர்கள் அல்ல. படிப்படியாக மாறியும் 10 வாரம் பலருக்குப் போதவில்லை.

அப்படியானால் எவ்வளவு நாள்? ஆறு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து. முதல் சில வாரங்கள் புது ஷூவில் நடந்தால் போதும். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள், வழக்கமான ஷூவில் ஓடத் தொடங்கும் முன் பத்து நிமிடம் மட்டும், சமதளமான மண்ணில் ஓடிப் பாருங்கள். கடைசியில் ஓடாமல் முதலில் ஓடுவதற்குக் காரணம், களைத்த கால் அடியைச் சரியாக வைக்காது. பிரச்சினை இல்லையென்றால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். பழைய ஷூவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீண்ட ஓட்டங்கள் பல மாதங்களுக்கு அதில்தான். கூடவே, ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். நிறுத்தாமல் இருபது, இருபத்தைந்து முறை செய்ய முடியாத கெண்டைக்காலை மலை ஏற்றத்துக்கு மெல்லிய ஷூவில் அனுப்பக் கூடாது.

நம் ஊரில் அடிக்கடி கேட்கும் ஒரு நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும்: "நாங்கள் சின்ன வயதில் செருப்பே போட்டதில்லை, எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான்." பழக்கம் இருந்தது உண்மை. அதற்குப் பின் இருபது வருடம் அலுவலக ஷூவில் இருந்ததும் உண்மை. ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் 2010-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலிலேயே வளர்ந்த கென்ய ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் மென்மையாக இறங்குவதைக் காட்டினார். மெக்சிகோ மலைகளில் வாழும் ராராமுரி மக்கள் டயர் ரப்பர் செருப்பில் மைல்கணக்கில் ஓடுவதையும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். இவர்கள் யாரும் 'மாறியவர்கள்' இல்லை, நடுவில் விட்டவர்களும் இல்லை. விட்ட பழக்கத்தை எலும்பு நினைவில் வைத்திருக்காது.

அந்த 2010 ஆய்விலிருந்தே இன்னொரு தவறும் பரவியது. முன்பாதத்தில் இறங்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, குதிகால் தரையில் படவே கூடாது என்று நுனிக்காலில் ஓடுகிறார்கள். கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போவதற்கு இதைவிட வேகமான வழி கிடையாது. முன்பாதம் முதலில் பட்டாலும், அடுத்த கணமே குதிகால் லேசாகத் தரையைத் தொட்டுச் சுமையை வாங்க வேண்டும். மலைப்பாதையில் எப்படியும் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு மாதிரி விழும், அதைக் கட்டுப்படுத்த முயலாதீர்கள். அடியைச் சிறிதாக வையுங்கள், உடம்புக்கு நேர் கீழே வையுங்கள். மீதியைக் கால் பார்த்துக்கொள்ளும்.

இறக்கம்தான் உண்மையான சோதனை. ஏற்றத்தில் வேகம் குறைவு. கெண்டைக்கால் வலித்தாலும் அடி பலமாக விழாது. இறக்கத்தில் வேகத்தைப் பிடிக்க நினைத்துக் காலை முன்னே நீட்டுவோம், குதிகால் பாறையில் மோதும். குஷன் ஷூவில் தெரியாமல் போகும் அந்த மோதல் இங்கே நேரே எலும்புக்குப் போகும். சமதளம், மெல்லிய ஏற்றம், கடைசியாக நீண்ட இறக்கம் என்ற வரிசையில் போவது நல்லது. ஏலகிரியிலோ ஏற்காட்டிலோ ஒரு முழு இறக்கத்தை முதல் மாதத்திலேயே முயன்று பார்க்க எந்த அவசியமும் இல்லை.

ஷூவைத் தேர்ந்தெடுப்பதில் வரும் குழப்பத்துக்கு வருவோம். 'ஜீரோ டிராப்' என்றாலே மெல்லிய ஷூ என்று நினைக்கிறார்கள். ஆல்ட்ரா நிறுவனத்தின் லோன் பீக் ஷூ ஜீரோ டிராப்தான், ஆனால் அடியில் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிறது. ஒரு ஷூ எவ்வளவு மெல்லிய வகை என்று மதிப்பிட 2015-இல் 42 நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு உருவாக்கிய அளவுகோல் எடை, வளையும் தன்மை, டிராப், சோலின் தடிமன், பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்புகள் என ஐந்தையும் சேர்த்தே பார்க்கிறது. ஐந்தையும் ஒரே நாளில் மாற்றுவதைவிட, முதலில் டிராப் குறைந்த குஷன் ஷூவில் சில மாதம் ஓடிவிட்டு, பிறகு தடிமனைக் குறைப்பது காலுக்கு எளிது.

சாலைக்கான வழுவழுப்பான மெல்லிய ஷூவைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈர இலையிலும் சேற்றிலும் பிடிக்க அடியில் பற்கள் வேண்டும். நம் பக்கத்துப் பாதைகளில் சீமைக்கருவேல முள் வேறு கிடக்கும். நான்கைந்து மில்லிமீட்டர் ரப்பரை அது சுலபமாகத் துளைத்து ஏறிவிடும். அப்படிப்பட்ட இடங்களுக்கு, சோலுக்குள் கல் குத்தாமலிருக்கத் தகடு வைத்த ஷூவே மேல். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பரவாயில்லை. அளவு வாங்கும்போது நின்ற நிலையில் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். ஓடும்போது பாதம் பரவும், இறக்கத்தில் முன்னே சறுக்கும்.

சிலருக்கு இந்த மாற்றமே வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மெல்லிய சோலில் கல்லுப் பாதைக்குப் போகவே கூடாது. முள் ஏறியதே தெரியாமல் புண்ணாகி, அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் குடும்பங்களில் பலர் பார்த்திருக்கிறோம். உடல் எடை கூடக்கூட மெல்லிய ஷூவில் காயம் அதிகமாவதை ஆஸ்திரேலியாவில் செய்து 2017-இல் வெளியான ஆய்வும் காட்டியது. முழங்கால் வலி தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி மாறுவதும் சரியில்லை. பாதத்தைப் பலப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்ற விளம்பரங்களுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கை விப்ராம் நிறுவனம் 2014-இல், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 37.5 லட்சம் டாலர் தந்து முடித்துக்கொண்டது.

வலியைப் பிரித்தறியத் தெரிந்துகொள்ளுங்கள். கெண்டைக்கால் முழுவதும் பரவலாக வலித்து, இரண்டு நாளில் குறைந்தால் அது தசைவலி, பயமில்லை. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகால் நாண் இறுக்கமாக இருந்தால் ஒரு வாரம் பழைய ஷூவுக்குத் திரும்புங்கள். பாதத்தின் மேற்புறத்தில், விரலால் அழுத்தினால் ஒரே ஒரு இடத்தில் சுருக்கென்று வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். படம் சுத்தமாக வந்துவிட்டது என்று மறுநாள் ஓடிவிடாதீர்கள். வலி அதே இடத்தில் நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.