முதல் கண் முகாம் நடத்தப்போகும் சங்கச் செயலாளருக்கு

லயன்ஸ் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஜூலையில் செயலாளர் பதவியைத் தலையில் கட்டியிருப்பார்கள். "இந்த வருஷம் ஒரு கண் முகாம் போட்டுடுவோம்" என்று தலைவர் மேடையிலேயே அறிவித்திருப்பார். அப்படி மாட்டிக்கொண்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரோட்டரிக்காரர்களுக்கும் ஊர் இளைஞர் மன்றத்துக்கும்கூட இது பொருந்தும்.

மெல்வின் ஜோன்ஸ் சிகாகோவில் 1917-ல் சங்கத்தைத் தொடங்கியபோது கண் தனி வேலையாக இருக்கவில்லை. 1925-ல் ஒஹாயோவில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று பிடித்த வேலைதான் நம் ஊர் பள்ளிக்கூடம் வரை வந்திருக்கிறது.

1. மருத்துவமனையிடம் பேசுங்கள்

இரண்டு மூன்று மாதம் முன்பே பேச வேண்டும். முகாம் நடத்தும் கண் மருத்துவமனைகளில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கும். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் இந்த முறையில் ஊறிய இடம். டாக்டர்கள், கருவிகள், அறுவை சிகிச்சை, லென்ஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது, வந்த குழுவுக்குச் சாப்பாடு ஆகியவை நம் பொறுப்பு. மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் அனுமதி பற்றியும் அவர்களிடமே கேளுங்கள். நோட்டீஸில் அந்தச் சங்கத்தின் பெயரும் வர வேண்டும்.

2. தேதியும் இடமும்

ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. ஆனால் காலண்டரைப் பார்க்காமல் தேதி கொடுக்காதீர்கள். எங்கள் முதல் முகாமைப் பெரிய முகூர்த்த நாளில் வைத்துவிட்டோம். பாதி ஊர் கல்யாண மண்டபத்தில் இருந்தது, பந்தலில் நாங்கள் மட்டும் இருந்தோம். அறுவடை, கோயில் கொடை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

இடத்துக்குப் பள்ளிக்கூடம் போதும். பார்வை அளக்க 6 மீட்டர் நீளம் வேண்டும். ஜன்னலை மூடி இருட்டாக்கக்கூடிய ஓர் அறை வேண்டும். பிளக் பாயிண்ட், கழிப்பறை இரண்டையும் முந்தின நாளே நேரில் போய்ப் பாருங்கள். மாடி அறை வேண்டவே வேண்டாம், வருகிறவர்களுக்கு முட்டிவலியும் இருக்கும்.

3. பணம்

சங்கத்தில் நிர்வாகக் கணக்கு, சேவைக் கணக்கு என்று இரண்டு உண்டு. ஊரில் வசூலித்த பணம் சேவைக்கே போக வேண்டும். பொன்னாடை, மாலை, பெரிய பிளெக்ஸ் இவற்றுக்கெல்லாம் அதில் கை வைக்கக்கூடாது. பொருளாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் சங்கடம்.

4. ஆட்களைத் திரட்டுவது

முகாமின் தலையெழுத்தே இங்கேதான் இருக்கிறது. நாம் பாட்டுக்கு வாட்ஸ்அப்பில் நோட்டீஸைச் சுற்றவிட்டால் நம் உறுப்பினர்கள்தான் பார்ப்பார்கள். புரை விழுந்த பாட்டிக்கு நோட்டீஸே கண்ணுக்குத் தெரியாது. காதுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் முன்பிருந்து ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றுங்கள். ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கும் இடம், டீக்கடை, கோயில், பள்ளிவாசல், சர்ச் ஒன்றையும் விடாதீர்கள். அங்கன்வாடி டீச்சருக்கு எந்த வீட்டில் யார் தடவித் தடவி நடக்கிறார் என்பது அத்துபடி.

போகிற இடமெல்லாம் இரண்டு பயங்கள் வரும். "இன்னும் முத்தட்டும்னு விட்டிருக்கேன்" என்பது ஒன்று. அது பழைய காலத்துக் கணக்கு. இப்போது புரை முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ரொம்ப முற்றினால் ஆபரேஷன்தான் சிரமமாகும். இன்னொன்று, ஆபரேஷனுக்குப் பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டுமே என்பது. அந்தக் கண்ணாடி லென்ஸ் வைக்காத காலத்துச் சமாசாரம். 1992-ல் மதுரையில் தொடங்கிய அரோலேப் குறைந்த விலையில் லென்ஸ் தயாரித்த பிறகு, ஏழைகளுக்கும் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைப்பது சாதாரணமாகிவிட்டது. நாம் எவ்வளவு சொன்னாலும், ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தாத்தாவைக் கூட்டிப்போய்த் திண்ணையில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது.

நோட்டீஸில் இவை கட்டாயம் இருக்கட்டும்: காலையில் சாப்பிட்டுவிட்டு வரவும், ஆதார் நகல், மாற்றுத்துணி, வீட்டார் போன் நம்பர் கொண்டுவரவும், சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் எடுத்துவரவும்.

5. முகாம் நாள்

பதிவு, பார்வை அளவு, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியாக டாக்டர் என்று வரிசை நகரும். ஒவ்வொரு மேஜையிலும் கைபிடித்து அடுத்த இடத்தில் விட ஓர் ஆள் போதும். தொடக்க விழாவைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பேசப் பிரியப்படும் பிரமுகர்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அழைப்பது என் தந்திரம்.

6. பஸ்

ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களைப் பெரும்பாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போவார்கள். இங்கேதான் ஆட்கள் நழுவுவார்கள். "மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவா?", "பேத்தியை ஸ்கூல்ல இருந்து யார் கூப்பிடுவா?" என்பார்கள். சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போன் போட்டு மகனிடமோ மருமகளிடமோ பேசுங்கள், பக்கத்து வீட்டில் மாட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் உறுப்பினர் ஒருவர் பஸ்ஸிலேயே கூடப் போகட்டும். தெரிந்த முகம் ஒன்று இருந்தால் கூட்டம் கலையாது. ஏறியவர்களின் பெயர்ப்பட்டியலில் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

7. மறுபரிசோதனை

சுமார் ஒரு மாதம் கழித்து மருத்துவமனைக் குழு மறுபடி வரும். மாலை, மேடை, போட்டோ எதுவும் இல்லாத நாள் என்பதால் சங்கத்தில் பாதிப்பேர் வரமாட்டார்கள், நீங்கள் வந்துவிடுங்கள். பஸ் பட்டியலை எடுத்து வந்தவர்களுக்கு டிக் அடியுங்கள். வராதவர்கள் வீட்டுக்கு அன்று சாயங்காலமே பைக்கை எடுத்துக்கொண்டு போய், கண்ணில் சிவப்போ வலியோ இருக்கிறதா, சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறார்களா என்று கேளுங்கள். சிவப்போ வலியோ இருக்கிறது என்றால் அங்கிருந்தே மருத்துவமனைக்குப் போன் போடுங்கள்.