பழைய பிலிம் லென்ஸை மிரர்லெஸ் கேமராவில் மாட்டுவது எப்படி? (தூரத்து மலை மங்கலாகத் தெரிந்தால் 4ஆம் படியைப் பாருங்கள்)

கோபிசெட்டிபாளையத்தில் மாமா ஸ்டுடியோ வைத்திருந்தார். தொண்ணூறுகளில் எங்கள் சொந்தத்தில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் போட்டோ எடுத்தார். அம்மாவின் ஆல்பத்தில், கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீரின் படம் ஒன்று உண்டு. பின்னால் கூட்டமெல்லாம் கரைந்துபோய், அத்தையின் முகம் மட்டும் தெளிவாக நிற்கும். போன தை மாதம் பீரோவை ஒழித்தபோது, அந்தப் படத்தை எடுத்த பென்டாக்ஸ் கே1000 கேமராவும் அதோடு எஸ்எம்சி பென்டாக்ஸ்-எம் 50 மி.மீ. எஃப் 2 லென்ஸும் கிடைத்தன. "நீயே வெச்சுக்க கண்ணு" என்று மாமா கொடுத்துவிட்டார்.

என்னிடம் இருப்பது சோனி ஏ6000. அதில் இந்த லென்ஸை மாட்டி ஒழுங்காகப் படம் எடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டரை வாரம் ஒரே இடத்தில் போனது. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுதில் முடிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் அளவு

லென்ஸ் உட்காரும் உலோக வளையத்திலிருந்து படம் பதியும் சென்சார் அல்லது பிலிம் வரை உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் (லென்ஸை மாட்டும் அமைப்புக்கும்) நிலையானது. பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்று மேலே எழும்பி இறங்க இடம் வேண்டும். அதனால் அந்தத் தூரம் அதிகம். பென்டாக்ஸ் கே மவுண்டில் 45.46 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டில் 46.5, கேனான் எஃப்டி மவுண்டில் 42. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சோனி இ மவுண்டில் 18 மி.மீ.தான், ஃபியூஜி எக்ஸில் 17.7, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 19.25, நிக்கான் இசட்டில் 16.

மிச்சமாகும் அந்த இடைவெளியை நிரப்பும் வெறும் குழாய்தான் அடாப்டர். 45.46இல் 18 போனால் 27.46. பென்டாக்ஸ் லென்ஸைச் சோனியில் மாட்ட 27.46 மி.மீ. நீளமுள்ள குழாய் வேண்டும், அவ்வளவுதான். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. இதைத் தலைகீழாகச் செய்ய முடியாது. மிரர்லெஸ்ஸுக்கென்று செய்த லென்ஸைப் பழைய எஸ்எல்ஆரில் மாட்டினால் தூரத்துக் காட்சி எதுவும் ஃபோகஸ் ஆகாது.

படி 1: லென்ஸைப் பாருங்கள்

இருட்டு அறையில் செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி இருந்தால் கவலை வேண்டாம். சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாக ஓடினால் பூஞ்சை. பழைய லென்ஸை விலை கொடுத்து வாங்குவதானால் பூஞ்சை பிடித்ததைத் தொடாதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி. வீட்டிலேயே இருக்கும் லென்ஸ் என்றால் சுத்தம் செய்யக் கொடுக்கலாம். அதுவரை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

அடுத்து, அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்புங்கள் (ஒளி நுழையும் துளையை மாற்றுவது இதுதான்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). உள்ளே இதழ்கள் சட்டென்று திறந்து மூட வேண்டும். அவற்றில் எண்ணெய் மினுமினுத்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

படி 2: அடாப்டர் வாங்குங்கள்

உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத, மின் இணைப்பு இல்லாத, வெறும் உலோக அடாப்டர் போதும். பெயரில் முதலில் லென்ஸின் மவுண்டும் அடுத்து கேமராவின் மவுண்டும் இருக்கும்: பிகே – நெக்ஸ் என்றால் பென்டாக்ஸ் கே லென்ஸை சோனி இ மவுண்டில் மாட்ட. 2010இல் வந்த நெக்ஸ் கேமராக்களோடு இந்த மவுண்ட் பிறந்ததால் விற்பவர்கள் இன்னும் அந்தப் பெயரையே போடுகிறார்கள். நான் வாங்கியது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்.

படி 3: மாட்டுங்கள், மெனுவில் ஒன்றை மாற்றுங்கள்

அடாப்டரை முதலில் லென்ஸில் மாட்டி, பிறகு இரண்டையும் சேர்த்துக் கேமராவில் மாட்டுங்கள். குறிப்புள்ளிகளைச் சேர்த்து, 'கிளிக்' என்று கேட்கும் வரை திருப்ப வேண்டும். கேமராவின் வாய் கீழே பார்த்தபடி இருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வெட்டவெளியில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். ஒருமுறை பல்லடம் சாலையோரம் நின்று மாற்றினேன். சென்சாரில் ஒட்டிய தூசியை எடுக்க ஒரு நாள் போயிற்று.

இப்போது பட்டனை அழுத்தினால் படம் விழாமல் போகலாம். அடாப்டரில் மின் இணைப்பு இல்லாததால் லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. மெனுவில் 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்' என்று இருப்பதை இயக்குங்கள். ஃபியூஜியில் அதன் பெயர் 'ஷூட் வித்தவுட் லென்ஸ்'. அப்புறம் மோடு டயலை ஏ-வில் வையுங்கள். அப்பர்ச்சரை நீங்கள் லென்ஸில் திருப்புவீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

படி 4: தூரத்து ஃபோகஸைச் சோதியுங்கள்

என்னுடைய இரண்டரை வாரம் இங்கேதான் போனது. மாட்டிய அன்று வீட்டுக்குள் எடுத்த படங்கள் எல்லாம் அருமையாக வந்தன. பாட்டியின் கை, திண்ணையில் பூனை, செம்பருத்தி என்று ஒரு குறையும் இல்லை. மறுநாள் வடவள்ளி மொட்டை மாடியிலிருந்து மருதமலையை எடுத்தேன். ஃபோகஸ் வளையம் கடைசி வரை திரும்பி முட்டி நிற்கிறது, மலை மட்டும் மங்கலாகவே இருக்கிறது. பனி என்று நினைத்தேன். பிறகு லென்ஸுக்குள் பூஞ்சை என்று நினைத்தேன். பழைய லென்ஸ் என்றால் இப்படித்தான் போல என்று ஒரு வாரம் விட்டும்விட்டேன்.

லென்ஸ்மேல் பழி போடுவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டிய சோதனை சுலபமானது. லென்ஸை அதன் சொந்த கே1000 உடம்பிலேயே மாட்டி, வியூஃபைண்டரில் மலையைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. அப்படியானால் கோளாறு அடாப்டரில்தான்.

உங்கள் அடாப்டரைச் சோதிக்கும் விதம் இது. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எஃப் 2இல் வையுங்கள். எஃப் 8இல் சோதித்தால் கோளாறு மறைந்துவிடும். இரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி எரியும் விளக்கைப் பாருங்கள். எனக்கு மருதமலை விளக்குகள். திரையில் உருப்பெருக்கியைப் போட்டு, ஃபோகஸ் வளையத்தை மெதுவாகக் கடைசி வரை கொண்டுபோங்கள். விளக்குப் புள்ளி சிறுத்துச் சிறுத்து, முட்டி நிற்குமுன் மறுபடியும் கொஞ்சம் பெருத்தால் அடாப்டர் சற்றுக் குட்டை, கவலையில்லை. சரியாக முட்டும் இடத்தில் மிகச் சிறியதாக இருந்தால் அளவு துல்லியம். முட்டி நின்ற பிறகும் 'இன்னும் கொஞ்சம் திரும்பினால் நன்றாக இருக்குமே' என்று தோன்றினால் அடாப்டர் நீளம்.

எவ்வளவு நீளம் என்று லென்ஸே சொல்லிவிடும். வளையம் முட்டிய நிலையில் எத்தனை தூரத்தில் இருக்கும் பொருள் கூர்மையாக இருக்கிறது என்று பாருங்கள். எனக்குப் பக்கத்துத் தோட்டத்துத் தென்னை கூர்மையாக இருந்தது, ஏறத்தாழ 20 மீட்டர். லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) அதாலேயே பெருக்கி, அந்தத் தூரத்தால் வகுத்தால் அடாப்டரின் அதிகப்படி நீளம் கிடைக்கும். 50 பெருக்கல் 50 என்றால் 2500. அதை 20,000 மி.மீ.யால் வகுத்தால் 0.125 மி.மீ. ஒரு ஏ4 தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. ஒரு தாள் கனத்துக்குத்தான் என் மலை மங்கிப்போயிருக்கிறது.

லென்ஸ் காட்டும் காட்சி அகலமாக ஆக, அதாவது மி.மீ. எண் குறையக் குறைய, இந்தத் தொல்லை கூடும். அதே 0.1 மி.மீ. பிழை 28 மி.மீ. லென்ஸை 8 மீட்டரோடு நிறுத்திவிடும். 135 மி.மீ. லென்ஸில் 180 மீட்டர் வரை போகும், அதனால் பலருக்குத் தெரிவதே இல்லை.

லேத் பட்டறை

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதற்குப் புது அடாப்டர் வாங்கிச் சோதித்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. கணபதிப் பக்கம் பம்ப் உதிரிபாகம் கடையும் ஒரு சின்ன லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறை அண்ணன் டிஜிட்டல் வெர்னியரால் சுற்றிலும் நான்கு இடத்தில் அளந்தார். நான்கிலும் 27.58. இருக்க வேண்டியது 27.46.

நான்கு இடத்திலும் ஒரே அளவு இருப்பது முக்கியம். ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருந்தால் லென்ஸ் சாய்ந்து உட்காரும், படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். அப்படிப்பட்ட அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லென்ஸ் உட்காரும் வெள்ளைத் தட்டின் முகத்தையே கடைந்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் விடவில்லை. "தட்டுல கை வெக்கக் கூடாதுங்க கண்ணு, அது புடிக்கற எடம். லென்ஸு லொடலொடன்னு ஆடும். தட்டக் கழட்டீட்டு அடியில குழாயோட வாயில எடுத்துக்கலாம்" என்றார். அவர் சொன்னதே சரி. லென்ஸின் கொக்கிகள் அந்தத் தட்டைப் பின்னாலிருந்து கவ்விப் பிடிக்கின்றன. தட்டின் கனம் குறைந்தால் பிடி தளரும். தட்டைப் பிடித்திருந்த திருகுகளைக் கழற்றி, அலுமினியக் குழாயின் வாயில் 0.16 மி.மீ. எடுத்தார். கடைசி அளவு 27.42. வேண்டுமென்றே 0.04 குட்டையாக வைத்தோம். வெயிலில் உலோகம் விரிந்தாலும் தூரத்து ஃபோகஸ் கைவிட்டுப் போகாது. காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய பேத்தியின் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

கடைந்த பிறகு குழாயை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஒரு அலுமினியத் துகள் உள்ளே போனால் ஷட்டரோ சென்சாரோ வீணாகும். இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

அன்றிரவு மருதமலை விளக்குகள் ஊசிமுனையாக வந்தன.

படி 5: ஃபோகஸ் செய்யும் பழக்கம்

அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்யுங்கள், பிறகு வேண்டிய எண்ணுக்கு மூடிப் படம் எடுங்கள். கூர்மையாக இருக்கும் விளிம்புகளில் நிறம் காட்டும் பீக்கிங் வசதியைப் பலரும் புகழ்கிறார்கள். எஃப் 2இல் முகம் எடுக்கும்போது நான் அதை நம்புவதில்லை. மூக்கும் சிவப்பாகும், கண்ணும் சிவப்பாகும், படத்தில் புருவம் மட்டும் கூர்மையாக இருக்கும். உருப்பெருக்கியை ஒரு பட்டனில் வைத்து, கண்ணிமையைப் பெரிதாக்கிப் பார்ப்பதே சரி. பீக்கிங்கை எஃப் 5.6க்கு மேல், தெருக்காட்சிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ6000இன் சென்சார் சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. மாதிரி நெருக்கமாகக் காட்டும். முகங்களுக்கு அது நல்லது. உடம்பிலேயே அதிர்வுக் கட்டுப்பாடு உள்ள கேமரா என்றால் மெனுவில் குவியத் தூரம் 50 என்று நீங்களே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கேமரா தப்பாகக் கணக்குப் போட்டுப் படத்தை இன்னும் ஆட்டிவிடும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் ஃபியூஜி எக்ஸில் இதே லென்ஸைப் போடுகிறார். உங்களுக்கு அளவு 27.76. அவருடைய அடாப்டர் ரொம்பக் குட்டை, லென்ஸில் அச்சிட்டிருக்கும் மீட்டர் எண்கள் எதுவும் பொருந்தவில்லை என்கிறார். தட்டுக்கு அடியில் சமையலறை அலுமினியத் தாளை வளையமாக வெட்டி அடுக்கலாம். காகிதம் வேண்டாம், ஈரம் இழுத்து உப்பும்.

அப்பர்ச்சர் வளையத்தில் 'ஏ' என்று ஓர் இடம் இருக்கும் பென்டாக்ஸ் லென்ஸ் வைத்திருப்பவர், படம் எல்லாம் இருட்டாக வருகிறது என்று எழுதியிருந்தார். இந்த அடாப்டரில் 'ஏ'-வில் வைத்தால் துளை ஆகச் சிறியதாகிவிடும். எண்களுக்குத் திருப்புங்கள்.

கேனான் எஃப்டி லென்ஸில் அப்பர்ச்சரைத் திருப்பினாலும் எதுவும் மாறவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்த அடாப்டரில் தனியாக ஒரு வளையம் இருக்கும், 'லாக்', 'ஓப்பன்' என்று எழுதியிருக்கும். லென்ஸை மாட்டிய பிறகு அதை 'லாக்' பக்கம் திருப்பினால்தான் இதழ்கள் மூடும். நிக்கானின் ஜி வகை லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது; அவற்றுக்கு வளையம் வைத்த அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

ஈரோட்டிலிருந்து வந்த கேள்வி, மரை போட்டுத் திருகும் எம்42 லென்ஸ் பற்றியது. எண்ணை மாற்றினாலும் துளை திறந்தபடியே இருக்கிறது என்கிறார். லென்ஸின் பின்னால் ஒரு சின்னக் கம்பி துருத்திக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால்தான் இதழ்கள் மூடும். லென்ஸின் பக்கவாட்டில் 'ஆட்டோ – மேனுவல்' விசை இருந்தால் மேனுவலில் வையுங்கள். இல்லையென்றால், உள்ளே ஒரு விளிம்பு வைத்து அந்தக் கம்பியை அழுத்திப் பிடிக்கும் எம்42 அடாப்டர்கள் தனியாகக் கிடைக்கின்றன. வாங்குமுன் படத்தில் அந்த உள் விளிம்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.